கழுத்து வலி யாருக்குத் தங்கும்? – ஒரு கேள்வியின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு

மலர்க்குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "சங்ககாலத்து நாணயம், சோழர் கல்வெட்டு என்று ஏதாவது எழுதுங்கள் சார்" என்றார்கள். அவற்றை எழுதத் தகுந்த அறிஞர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். நான் கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன். மருத்துவனும் அல்லன், பேராசிரியனும் அல்லன். ஆனால் ஒரே ஒரு வரலாற்றை மட்டும் கடந்த இருபது ஆண்டுகளாக விடாமல் படித்து வந்திருக்கிறேன். அது என் கழுத்தின் வரலாறு. அன்பர்கள் சிரிக்க வேண்டாம். படித்து முடிக்கும்போது உங்கள் வீட்டிலும் ஒரு கழுத்து நினைவுக்கு வரும்.

1996ஆம் ஆண்டு தை மாதம். மாட்டுங்காவில் ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிந்து, நானும் என் மனைவியின் தம்பியும் டாக்சியில் செம்பூருக்குத் திரும்பிக் கொண்டிருந்தோம். சயன் சிக்னலில் வண்டி நின்றது. பின்னால் வந்த டெம்போ ஒன்று பிரேக் பிடிக்காமல் எங்கள் வண்டியில் மோதியது. பெரிய மோதல் என்று சொல்ல முடியாது. பின்விளக்கு உடைந்தது, டிக்கி நசுங்கியது, அவ்வளவுதான். இருவரும் பின்சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இருவர் தலையும் ஒரே மாதிரி பின்னே போய் முன்னே வந்தது. அந்தக் காலத்து டாக்சிகளில் தலைக்குப் பின்னே தாங்குகட்டை ஏது?

மறுநாள் காலை இருவருக்குமே கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, "சுளுக்குதான்யா, நாலு நாள்ல சரியாயிரும்" என்று தைலம் தேய்த்துவிட்டார்கள். மைத்துனனுக்கு வயது 26. மூன்றாம் வாரம் அவன் மைதானத்தில் பந்து வீசிக் கொண்டிருந்தான். எனக்கு வயது 41. எனக்குச் சரியாக ஏழு வருஷம் ஆயிற்று. முழுக்கச் சரியாயிற்று என்று இன்றும் சொல்லமாட்டேன்.

ஒரே வண்டி, ஒரே சீட்டு, ஒரே மோதல். ஒருவனுக்கு மூன்று வாரம், மற்றவனுக்கு ஏழு வருஷம். ஏன்? முதல் வாரத்திலேயே யாராவது இதைச் சொல்லியிருக்க முடியுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்களின் கதைதான் இக்கட்டுரை.

முன்கணிப்பு என்னும் பழங்கலை

நோய் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டிச் சொல்வது மருத்துவத்தின் மிகப் பழைய கடமை. கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரடீஸ் பெயரால் வழங்கும் நூல்களில் ஒன்று முழுக்க முன்கணிப்பையே பேசுகிறது. நம் நாட்டில் சரக சம்ஹிதை நோய்களை எளிதில் தீர்வன, கஷ்டப்பட்டுத் தீர்வன, தீராவிட்டாலும் அடக்கி வைக்கத் தக்கன, தீராதன என்று பிரிக்கிறது. நம் வைத்தியர்கள் வாயில் வழங்கும் 'சாத்தியம், அசாத்தியம்' என்ற சொற்களும் இந்த மரபில் வந்தவையே.

ஆனால் இந்தப் பழைய கணிப்பெல்லாம் பெரும்பாலும் பிழைப்பானா, மாட்டானா என்பதைப் பற்றியது. கழுத்து வலியால் யாரும் சாவதில்லை. வலி போகுமா, தங்குமா என்ற கேள்வி புதியது. அது பிறந்த இடம் ரயில் பாதை.

ரயில் தந்த நோய்

1865 ஜூன் 9ஆம் தேதி. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற ஊரருகே ஒரு பாலத்தில் பழுது பார்ப்பதற்காகத் தண்டவாளத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். ரயில் வரும் நேரத்தைத் தப்பாகக் கணித்துவிட்டார்கள். வண்டி பாலத்திலிருந்து கவிழ்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள், நாற்பது பேர் காயமடைந்தார்கள். அதில் பயணம் செய்தவர்களில் ஒருவர் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ். அவருக்கு எலும்பு முறியவில்லை, ரத்தக் காயமும் இல்லை. அடிபட்டவர்களுக்குத் தண்ணீரும் பிராந்தியும் கொடுத்து உதவினார். எழுதிக் கொண்டிருந்த நாவலின் கையெழுத்துப் பிரதியை வண்டிக்குள் திரும்ப ஏறி எடுத்து வந்தார். ஆனால் பின்னாட்களில் ரயிலில் ஏறினாலே அவருக்கு நடுக்கம் எடுத்தது. சரியாக ஐந்தாண்டு கழித்து, அதே ஜூன் 9ஆம் தேதி, அவர் காலமானார்.

வெளிக்காயம் இல்லாமல் உள்ளே குலைந்துபோன இப்படிப்பட்ட ரயில் பயணிகள் அப்போது நிறையப் பேர் இருந்தார்கள். முதுகு வலி, கழுத்து வலி, தூக்கமின்மை, மறதி, நடுக்கம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் 1866இல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதிர்ச்சியினால் தண்டுவடம் குலுங்கி, உள்ளே மெல்ல அழற்சி உண்டாகிறது என்பது அவர் கருத்து. காந்தத்தைச் சம்மட்டியால் அடித்தால் காந்தசக்தி எங்கே போகிறது என்று தெரியாதது போல, நரம்பின் சக்தியும் போய்விடுகிறது என்று உவமை சொன்னார். 'ரயில்வே முதுகெலும்பு' என்ற பெயர் மக்கள் வாயில் நின்றது. நஷ்டஈட்டு வழக்கு நடத்திய வக்கீல்களுக்கு எரிக்சனின் புத்தகம் பெரிய ஆயுதமாயிற்று.

எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? லண்டன் அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வே நிறுவனத்தின் மருத்துவர் ஹெர்பர்ட் பேஜ் 1883இல் ஒரு பதில் நூல் எழுதினார். இருநூறுக்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து, தண்டுவடத்தில் ஒன்றுமில்லை, காரணம் பயமே என்றார். நஷ்டஈடு கிடைக்கும் என்ற எண்ணமும் நோயை நீட்டிக்கிறது என்றார். அவர் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, நோயாளிகள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று அவர் சொல்லிவிடவில்லை. பயமே உடம்பை உண்மையாக வருத்தும் என்று ஒப்புக்கொண்டார்.

பார்த்தீர்களா, அன்றே இரண்டு கட்சி. ஒன்று, உடம்பில்தான் கோளாறு. மற்றது, மனசில்தான் கோளாறு. இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் நோயாளி நூறு வருஷம் மிதிபட்டான்.

சவுக்கடி என்ற சொல்

ரயில் போய் மோட்டார் வந்தது. 1928இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்த எலும்பு மருத்துவர்கள் கூட்டமொன்றில் ஹெரால்ட் குரோ என்ற அமெரிக்க மருத்துவர் கார் விபத்தில் கழுத்து அடிபட்ட எட்டுப் பேரைப் பற்றிப் பேசினார். சவுக்கைச் சொடுக்குவது போலக் கழுத்து சொடுக்கப்படுகிறது என்ற பொருளில் அவர் 'விப்லாஷ்' என்ற சொல்லை ஆண்டார். கழுத்து எப்படி அசைந்தது என்பதைச் சொல்ல வந்த சொல், நோயின் பெயராகவே மாறிப்போயிற்று. அப்படி ஆகிவிட்டதே என்று பின்னாளில் அவரே வருத்தப்பட்டார்.

சொல்லுக்கு ஒரு சக்தி உண்டு. "கழுத்தில் சுளுக்கு" என்றால் நாலு நாளில் போகிற ஒன்று என்று மனசு எடுத்துக்கொள்கிறது. "சவுக்கடி" என்றால்? நம் ஊரில் 'ஸ்பாண்டிலைட்டிஸ்' என்ற பெயர் செய்கிற வேலையும் அதேதான். 1953இல் கே, அபட் என்ற இரு மருத்துவர்கள் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அச்சொல் உலகெங்கும் பரவியது.

பணமா, வலியா?

1961இல் நியூகாசில் நகரத்து நரம்பியல் மருத்துவர் ஹென்றி மில்லர், விபத்து நோயாளிகள் பலருக்கு வழக்கு முடிந்ததும் நோயும் முடிந்துவிடுகிறது என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். கோர்ட்டுகளில் இது நெடுங்காலம் வேதவாக்காக ஓடியது.

இதற்குப் பதில் டொராண்டோவிலிருந்து வந்தது. எலும்பு மருத்துவர் இயன் மக்நாப் 1964இல் தம் நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். வழக்கு முடிந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலான பிறகும் அவர்களில் பெரும்பாலோருக்கு வலி இருந்தது. இன்னொன்றும் கவனித்தார். அதே விபத்தில் மணிக்கட்டோ கணுக்காலோ உடைந்தவர்களுக்கு அந்தக் காயம் வழக்கம்போல ஆறிவிடுகிறது, கழுத்து மட்டும் ஆறுவதில்லை. பணத்துக்காக நடிப்பவன் கணுக்காலில் நடிக்காமல் கழுத்தில் மட்டும் ஏன் நடிக்க வேண்டும்? பணம் வாங்கியும் ஏன் நடிக்க வேண்டும்? தணிக்கைக்காரன் கண்ணுக்கு இது நல்ல கேள்வியாகவே படுகிறது.

தடுப்பு வேலையும் கூடவே நடந்தது. அமெரிக்காவில் 1969 ஜனவரி முதல் புதிய கார்களின் முன்சீட்டுகளுக்குத் தலைத் தாங்குகட்டை கட்டாயமாயிற்று. 1990களின் இறுதியில் ஸ்வீடனின் வால்வோ, சாப் நிறுவனங்கள் பின்மோதலில் கழுத்தைக் காக்கும் சிறப்பு இருக்கைகளைக் கொண்டு வந்தன.

என் கதைக்கு வருகிறேன். 1996இல் நான் பார்த்த முதல் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்றார். இரண்டாவது டாக்டர் அதே படத்தைப் பார்த்து, "தேய்மானம் ஆரம்பிச்சாச்சு, இனிமே இப்படித்தான் இருக்கும், கவனமா இருங்க" என்று ஒரு காலரை மாட்டிவிட்டார். எட்டு மாதம் அதைக் கழற்றவில்லை. முதல் டாக்டர் என்னைப் பொய்யன் ஆக்கினார், இரண்டாமவர் என்னை நோயாளி ஆக்கினார். அலுவலகத்தில் வெளியூர் மாற்றலைத் தவிர்க்க நான் நாடகம் ஆடுவதாகப் பேச்சு வந்தது. அதெல்லாம் கூடப் பெரிதாகப் படவில்லை. ஒரு தீபாவளியன்று என் மைத்துனன் விளையாட்டாக, "அத்தான், இன்னுமா வலிக்குது?" என்று கேட்டான். அவனும் அதே வண்டியில் இருந்தவன் அல்லவா? அந்தக் கேள்வி குத்தியது போல டெம்போ கூடக் குத்தவில்லை. நான்தான் பலவீனனோ, எனக்குத்தான் மனசில் கோளாறோ என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

இரண்டு கட்சியும் இணைந்த இடம்

ஆனால் எனக்குத் தெரியாமல் உலகம் மாறிக் கொண்டிருந்தது. 1965இலேயே கனடாவின் ரொனால்ட் மெல்சாக்கும் இங்கிலாந்தின் பேட்ரிக் வாலும் வலியைப் பற்றிய புதுக் கொள்கையை வெளியிட்டிருந்தார்கள். வலி என்பது கயிற்றை இழுத்தால் மணி அடிப்பது போன்றதல்ல. தண்டுவடத்தில் ஒரு வாசல்கதவு போன்ற அமைப்பு இருக்கிறது, மூளையிலிருந்து வரும் செய்திகள் அதைத் திறக்கவும் செய்யும், சாத்தவும் செய்யும் என்பது அதன் சாரம். விவரங்கள் பிறகு திருத்தப்பட்டாலும் அடிப்படை நின்றது. 1977இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கெல், நோயை உடல், மனம், சமூகம் மூன்றும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். எரிக்சன் கட்சியும் பேஜ் கட்சியும் ஒரே திண்ணையில் உட்கார இடம் கிடைத்தது.

எக்ஸ்ரே படத்தின் மவுசும் குறைந்தது. 1990இல் ஸ்காட் போடன் குழுவினர் கழுத்து வலியே இல்லாத 63 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 19 பேர் படத்தில் கோளாறு தெரிந்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் இது நூற்றுக்கு 28. 2015இல் ஜப்பானில் வலியில்லாத 1,211 பேரைப் பார்த்தபோது பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏதோ ஒரு டிஸ்க் பிதுங்கியிருந்தது. ஆகவே என் படத்தில் தெரிந்த 'தேய்மானம்' என் வயதுக்கு நரைமுடி போன்றது. அதை அன்று யாராவது சொல்லியிருந்தால்!

படம் அளக்காவிட்டால் வேறு எது அளக்கும்? 1991இல் கனடாவின் ஹோவர்ட் வெர்னன், சில்வானோ மியோர் இருவரும் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டார்கள். வலி எவ்வளவு, குளித்து உடுத்த முடிகிறதா, பாரம் தூக்க, படிக்க, வேலை செய்ய, வண்டி ஓட்ட முடிகிறதா, தலைவலி உண்டா, கவனம் நிற்கிறதா, தூக்கம் வருகிறதா, பொழுதுபோக்கு உண்டா என்று பத்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 50. கழுத்து முடக்க அட்டவணை என்று தமிழில் சொல்லலாம். பார்க்க எளிய தாள்தான், ஆனால் மருத்துவர் முதன்முறையாக நோயாளியின் நாளைப் பற்றிக் கேட்டார்.

மூன்று ஊர், மூன்று பாடம்

கனடாவின் கியூபெக் மாகாணத்து மோட்டார் காப்பீட்டு நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் வால்ட்டர் ஸ்பிட்சர் தலைமையில் ஒரு நிபுணர் குழு அமைந்தது. அதன் அறிக்கை 1995இல் வந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைச் சலித்ததில் தேறியவை அறுபது சொச்சம்தான்! நோயை 0 முதல் 4 வரை படிகளாகப் பிரித்தார்கள். வலி மட்டும் என்றால் 1, அசைவும் குறைந்து தொட்டால் வலித்தால் 2, நரம்புக் குறிகள் இருந்தால் 3, முறிவோ இடப்பெயர்ச்சியோ என்றால் 4. காலர் மாட்டிப் படுக்க வைக்காதீர்கள், சீக்கிரம் நடமாட விடுங்கள் என்பது அவர்கள் முக்கிய அறிவுரை. நான் காலர் மாட்டிக்கொள்வதற்கு ஒரு வருஷம் முன்பே அது அச்சாகியிருந்தது. ஆனால் அந்தக் குழு, நஷ்டஈடு வாங்குவதை நிறுத்தியவர்களைக் குணமானவர்களாகக் கணக்கில் கொண்டது. பில் வருவது நின்றதால் கடன் தீர்ந்தது என்று எழுத எந்தத் தணிக்கைக்காரனும் சம்மதிக்கமாட்டான். இந்தக் குறையை அப்போதே பலர் சுட்டிக்காட்டினார்கள்.

1996இல் லிதுவேனியா நாட்டின் கௌனாஸ் நகரிலிருந்து ஒரு வெடிகுண்டு வந்தது. அங்கே இப்படிப்பட்ட காயத்துக்குக் காப்பீடு வாங்கும் பழக்கமும் இல்லை, சவுக்கடி நோய் என்ற பேச்சும் இல்லை. ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு முன் பின்மோதலுக்கு ஆளான 202 பேரை நார்வே நாட்டின் ஹரால்ட் ஷ்ராடர் குழுவினர் விசாரித்தார்கள். கழுத்து வலி நூற்றுக்கு 35 பேருக்கு. விபத்தே காணாதவர்களில் நூற்றுக்கு 33 பேருக்கு. வித்தியாசமே இல்லை! காப்பீட்டு நிறுவனங்கள் கொண்டாடின. மற்ற ஆய்வாளர்கள் விடவில்லை. அந்த 202 பேரில் பெரும்பாலோர் ஆண்கள், மோதலில் உண்மையாகக் கழுத்து அடிபட்டவர்கள் அதில் கொஞ்சம்பேர்தான் என்று சுட்டிக்காட்டினார்கள்.

மூன்றாவது, கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம். 1995 ஜனவரி 1 முதல் அங்கே சட்டம் மாறியது. வலிக்கும் வேதனைக்கும் வழக்குப் போட்டுப் பணம் கேட்க முடியாது, சிகிச்சைச் செலவும் சம்பள இழப்பும் கிடைக்கும். டேவிட் காசிடி குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி மனுக்கள் சுமார் நூற்றுக்கு 28 பங்கு குறைந்தன. மனு முடிய எடுத்த நாட்களின் நடுமதிப்பு 433இலிருந்து ஏறக்குறைய 200க்கு இறங்கியது. அப்படியானால் எல்லாம் நாடகம்தானா? அதே ஆய்விலேயே இன்னொரு செய்தி இருக்கிறது. பழைய சட்டமோ புதிய சட்டமோ, யாருக்கு வலியும் முடக்கமும் மனச்சோர்வும் அதிகமோ அவர்கள் மனுத்தான் தாமதமாக முடிந்தது. வழக்கும் வக்கீலும் குணத்தைத் தாமதப்படுத்தலாம் என்றுதான் இது காட்டுகிறது. வலி பொய் என்று காட்டவில்லை.

கணிப்பு விதி பிறந்தது

இதற்குப் பின் கேள்வியின் முகமே மாறியது. 'பொய்யா, மெய்யா' என்று கேட்பதை விட்டு, 'யாருக்குத் தங்கும்' என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் மிஷேல் ஸ்டெர்லிங் விபத்து நடந்த ஒரு மாதத்துக்குள் நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு, தொடர்ந்து கவனித்து வந்தார். 2010இல் வெளியான கணக்கில் மூன்று பாதைகள் தெளிந்தன. நூற்றுக்கு 45 பேர் லேசான தொந்தரவோடு தேறினார்கள். 39 பேருக்கு நடுத்தர முடக்கம் நின்றது. 16 பேருக்குக் கடுமையான முடக்கம் தங்கியது. முன்னதாக 2008இல் கழுத்து வலிக்கான சர்வதேசப் பணிக்குழுவும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஓராண்டு கழித்தும் வலி இருக்கிறது என்று அறிவித்திருந்தது. விபத்தில்லாமல் வரும் சாதாரணக் கழுத்து வலியும் திரும்பத் திரும்ப வருகிற சுபாவம் உடையதுதான் என்றது.

எது முன்கூட்டிக் காட்டுகிறது? கனடாவின் டேவிட் வால்ட்டன் குழுவினர் பல ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தார்கள். மோதல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எந்த சீட்டில் இருந்தார் என்பவை பெரிதாக எதையும் சொல்லவில்லை. தொடக்கத்தில் வலி எவ்வளவு, முடக்கம் எவ்வளவு, தலைவலி உண்டா, ஏற்கெனவே கழுத்து வலி இருந்ததா, 'போச்சு, இனி அவ்வளவுதான்' என்று மனசு ஓடுகிறதா என்பவைதான் சொல்லின. குளிர்ந்த பொருள் பட்டாலே வலியாக உணர்வதும் ஓர் அறிகுறி. நரம்பு மண்டலமே கூர்மையாகிவிட்டது என்பதன் அடையாளம் அது. 2008இல் ஸ்வீடனில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் 'நீங்கள் முழுக்கக் குணமாவீர்கள் என்று நினைக்கிறீர்களா' என்று தொடக்கத்திலேயே கேட்டார்கள். நம்பிக்கை குறைந்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்துக் கடும் முடக்கம் இருக்கும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு.

2013இல் கேரி ரிச்சி, ஸ்டெர்லிங் முதலியோர் இவற்றையெல்லாம் வடிகட்டி ஒரு சிறு விதியாக்கினார்கள். அந்தப் பத்துக் கேள்வித் தாளில் நூற்றுக்கு 40க்கு மேல், வயது 35க்கு மேல், கூடவே விபத்துக்குப் பிந்தைய படபடப்பு. அதாவது தூக்கமின்மை, எரிச்சல், கவனச் சிதறல், எப்போதும் உஷாராக இருத்தல், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல். மூன்றும் சேர்ந்தால் வலி தங்கும் அபாயம் அதிகம். தாளில் 32க்குக் கீழே, வயதும் 35க்குள் என்றால் முழுக்கக் குணமாகும் வாய்ப்பு அதிகம். இரண்டு திசையிலும் பத்துக்கு ஏழு தடவை கணிப்பு பலித்தது. 2015இல் வேறு நோயாளிகளிடம் சோதித்தபோதும் விதி நின்றது. வயது விஷயத்தில் மட்டும் எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போவதில்லை.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வயது 41. படிக்க முடியாது, தலைவலி, தூக்கமில்லை. பின்னால் ஹாரன் அடித்தாலே உடம்பு தூக்கிப் போடும். என் மைத்துனனுக்கு 26, அன்று ராத்திரியே குறட்டை விட்டவன். பதினேழு வருஷம் கழித்து எனக்குப் பதில் கிடைத்தது. நான் பொய்யனும் இல்லை, பலவீனனும் இல்லை. இருவர் கழுத்தும் ஒரே மாதிரி ஆடியது நிஜம். ஆனால் கழுத்துக்குள்ளே இருந்த இரண்டு மனிதர்கள் ஒரே மாதிரி இல்லை.

கணிப்பின் எல்லை

கணிப்பு தெரிந்தால் தடுத்துவிட முடியுமா? இங்கே அடக்கமாகத்தான் பேச வேண்டும். ஆரம்பத்திலேயே பலவகை நிபுணர்களைக் கூட்டிச் சிகிச்சை தந்த ஓர் ஆஸ்திரேலிய முயற்சி 2013இல் எதிர்பார்த்த பலன் தரவில்லை. மாறாக, 2019இல் வெளியான ஸ்டெர்லிங்கின் ஆய்வில், பிசியோதெரபிஸ்டுகளே உடற்பயிற்சியோடு மன அழுத்தத்தைச் சமாளிக்கும் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தபோது, வெறும் உடற்பயிற்சியைவிட முடக்கம் குறைந்தது. வழி தெரிகிறது, ஆனால் பாதை இன்னும் போட்டு முடியவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே 31 முதல் கழுத்துச் சவுக்கடிக்கு நிலையான நஷ்டஈட்டுப் பட்டியல் வந்தது. வலி எத்தனை மாதம் நீடிக்கும் என்ற மருத்துவக் கணிப்பைப் பொறுத்துத் தொகை. தொடங்கியபோது மூன்று மாதத்துக்குள் என்றால் 240 பவுண்டு, பிறகு படிப்படியாக ஏறும். அதாவது பத்துக்கு ஏழு பலிக்கிற கணிப்பு ரூபாய் அணாவாக மாறுகிறது! எரிக்சனும் பேஜும் நின்ற அதே கோர்ட்டு வாசலுக்குக் கேள்வி திரும்பிப் போய்விட்டது. கூட்டத்துக்குச் சொல்லும் கணக்கைத் தனி மனிதன் நெற்றியில் ஒட்டக் கூடாது. பத்தில் மூன்று பேருக்கு அது தப்பாகும்.

நம் வீடுகளுக்கு

2003இல் ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட் அந்தப் பத்துக் கேள்வித் தாளை என் கையில் கொடுத்தார். நிரப்பிக் கொடுத்ததை முழுக்கப் படித்தார். "அங்கிள், உங்க வலி நிஜம். ஆனா உங்க கழுத்து உடைஞ்சு போகாது, பயப்படாம அசைங்க" என்றார். ஏழு வருஷத்தில் இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்ன முதல் ஆள் அவர். ஒன்றை மட்டும் சொன்னவர்கள் நிறையப் பேர். அதன் பிறகு மெல்ல மெல்ல அசைத்தேன், நடந்தேன், தூங்கினேன்.

2022இல் புனேயில் என் மகளின் காரைப் பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தது. மறுநாள் கழுத்து பிடித்துக்கொண்டது. ஊரிலிருந்து ஒவ்வொரு போனும், "அப்பாவுக்கு ஆனது மாதிரி ஆயிடப் போவுது" என்றுதான் வந்தது. கைமரத்தல், நடை தள்ளாடுதல், கடும் வலி போன்ற ஆபத்துக் குறிகள் எதுவும் இல்லை என்று முதலில் டாக்டர் பார்த்து உறுதி செய்தார். இருந்தால் கணிப்பு, கேள்வித்தாள் எதுவும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிதான். அதன் பிறகு என் மனைவி செய்தது இரண்டே காரியம். போனை வாங்கி வைத்துக்கொண்டாள். தினமும் ராத்திரி, "தூங்குனியாம்மா?" என்று கேட்டாள். "இன்னுமா வலிக்குது?" என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் மகள் தேறினாள். அவளுக்கு அப்போது 33 வயது, எப்படியும் தேறியிருக்கலாம். ஒரு பதிவை வைத்து நான் கணக்கை முடிக்கமாட்டேன்.

ஆனாலும் வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவத்தின் நான்கு அங்கங்களைச் சொல்லும்போது நோயாளி, மருத்துவர், மருந்து இவற்றோடு உடனிருந்து கவனிப்பவரையும் சேர்த்தது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. ஊரை விட்டு வந்து அடுக்குமாடியில் குடியிருக்கும் நமக்கு அந்த நான்காமவர் அடுத்த அறையில் இருக்கலாம், அடுத்த வீட்டில் இருக்கலாம், நம் சங்கத்தில் இருக்கலாம். யாருக்காவது கழுத்து பிடித்தால் முதல் மாதத்தில் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். தூக்கம் வருகிறதா? சரியாகிவிடும் என்று தோன்றுகிறதா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால், படம் எடுக்க ஓடுவதற்கு முன், பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். டாக்டரிடம் போகும்போது அந்த இரண்டு பதிலையும் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

என் மைத்துனனுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. சென்ற வருஷம் அவனுக்கும் தானாகவே கழுத்து பிடித்துக்கொண்டது, ஒரு மாதம் ஆகியும் விடவில்லை. "அத்தான், நீங்க அன்னைக்கு எப்படித்தான் தாங்குனீங்க?" என்று போனில் கேட்டான். அந்த ஒரு கேள்விக்கு இருபத்தெட்டு வருஷம் காத்திருந்தேன் போலிருக்கிறது. "அது கிடக்கட்டும் மாப்ளே, ராத்திரி தூங்குறியா?" என்று கேட்டேன்.